பொட்டு வைத்த சர்வரும் காணாமல் போன மூன்று நாளும்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருந்த ஓர் உருக்காலையில் நான் ஐந்து வருஷம் ‘சிஸ்டம்ஸ் இன்சார்ஜ்’. பதவியின் பெயரைக் கேட்டு யாரும் எழுந்து நிற்க வேண்டாம். எனக்குக் கீழே யாரும் கிடையாது, மேலே எல்லாரும். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவுவது, கீபோர்டில் படிந்த இரும்புத் தூசியைத் தட்டுவது, ஜெனரல் மேனேஜர் பாஸ்வேர்டை மறக்கும்போதெல்லாம் அது கம்ப்யூட்டரின் தவறுதான் என்று ஒப்புக்கொள்வது, இவைதான் என் உத்தியோகம். ஆனாலும் பொன்னேரியில் காலை ரயில் ஏறும்போதே அடையாள அட்டையைச் சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொள்வேன். எதிர் சீட்டில் இருப்பவர் படிக்க வசதியாக அதைத் திருப்பியும் வைப்பேன்.

எனக்கென்று பெருமைப்பட ஒரே ஒரு பெட்டி இருந்தது. ஸ்டோரில் கழித்துப் போட்டிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றி, மூன்று நெட்வொர்க் கார்டுகள் செருகி வைத்திருந்தேன். ஒன்றில் ஆலைப் பக்கத்து வயர் வரும். கேட்டில் ஆட்கள் அட்டை காட்டும் மெஷின், லாரி எடைமேடை, ஷிப்ட் இன்ஜினியர்களின் கம்ப்யூட்டர் எல்லாம் அந்தப் பக்கம். இன்னொரு கார்டு ஆபீஸ் பக்கம். வருகைப்பதிவு சர்வரும் இன்டர்நெட்டும் அங்கே. ஆலையிலிருந்து எந்தத் தகவல் ஆபீஸுக்குப் போனாலும் என் பெட்டிக்குள் நுழைந்துதான் போயாக வேண்டும். மூன்றாவது கார்டு சும்மா கிடந்தது. ஆலையில் ஆளோ கார்டோ சும்மா இருந்தால் எங்கள் ஜி.எம்.முக்குப் பொறுக்காது.

அவர் சென்னையில் ஏதோ நட்சத்திர ஓட்டலில் ஒருநாள் கருத்தரங்குக்குப் போய்விட்டு, ஒரு தோல் பையும் ‘மானிட்டரிங்’ என்ற ஒரு சொல்லும் வாங்கிக்கொண்டு வந்தார். பையை அன்றே மகனிடம் கொடுத்துவிட்டார். சொல்லை என்னிடம் கொடுத்தார்.

“ஷிப்ட் இன்ஜினியருங்க நெட்ல என்னதான் பாக்கறாங்க? எனக்குத் தெரியணும்பா. ஆனா எனக்குத் தெரியும்னு யாருக்கும் தெரியக் கூடாது.”

இதற்கென்று நல்ல நெட்வொர்க் ஸ்விட்ச் கிடைக்கும், வாங்கினால் அரை மணி நேர வேலை என்றேன். விலையைக் கேட்டார். பிறகு, “உன் லினக்ஸ் ஓசிதானே? அதுலயே பண்ணு” என்றார்.

பண்ண முடியும். அதுதான் என் துரதிர்ஷ்டம். இயங்குதளத்தின் அடிவயிற்றில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. ஒரு கார்டில் வந்து விழும் ஒவ்வொரு பாக்கெட்டையும், அதாவது தகவல் பொட்டலத்தையும் எடுத்து, எந்தக் கார்டு வழியாக வெளியே அனுப்புவது என்று முடிவு செய்வது அதுதான். அதற்கு நாம் ஒரு வரியில் உத்தரவு போடலாம். ‘மிரர்’ என்று போட்டால், பாக்கெட்டை ஒரு நகல் எடுத்து இன்னொரு கார்டில் தள்ளிவிட்டு, மூலத்தைப் போக வேண்டிய இடத்துக்கே அனுப்பிவிடும். ‘ரீடைரக்ட்’ என்று போட்டால், நகல் கிகல் எல்லாம் கிடையாது. பாக்கெட்டையே தூக்கி அந்த இன்னொரு கார்டில் போட்டுவிடும். போக வேண்டிய இடத்துக்கு அது போகாது. முதலாவது, தபால்காரர் உங்கள் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது. இரண்டாவது, கடிதத்தையே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது. இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் ஒரே ஒரு சொல். ஜி.எம்.முக்கு வேண்டியது மிரர்.

இங்கே கிரேன் ஆப்பரேட்டரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவரும் பொன்னேரி பக்கம்தான். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், நான் அண்ணா என்று கூப்பிடுவேன், அவர் என்னை சார் என்பார். உலையிலிருந்து உருக்கிய இரும்பை வாங்கும் சட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் கிரேன் அவருடையது. ஆலையின் தலைக்கு மேல் கொதிக்கும் இரும்பை நகர்த்துகிறவர், காகிதத்தில் காண்டிராக்ட் தொழிலாளி. இரண்டு வருஷத்துக்குள் நானூற்று எண்பது நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் என்று சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தை எங்கள் தொழிற்பேட்டை மிகவும் மதித்தது. அதனால்தான் நானூற்று எழுபதாவது நாள் நெருங்கியதும் ஆளை வீட்டுக்கு அனுப்பி, சில மாதம் கழித்து வேறு காண்டிராக்டர் பெயரில் முதல் நாளிலிருந்து எண்ண ஆரம்பிப்பார்கள். பக்கத்து ஆலையில் அவருக்கு ஒருமுறை அப்படி நடந்திருந்தது.

எங்கள் ஆலையில் இந்த எண்ணும் திருப்பணியைச் செய்துவந்த குமாஸ்தா ஓய்வு பெற்றுவிட்டார். அந்த வேலை என் வருகைப்பதிவு மென்பொருளுக்கு வந்தது. யாரையாவது எச்சரிக்க வேண்டும் என்று மென்பொருளிடம் யாரும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. அப்படியாகக் கிரேன் அண்ணா நிர்வாகத்தின் கண்ணில் படாமல் நானூற்று எழுபத்தேழு வரை வந்துவிட்டார். மாதக் கடைசி, செவ்வாய்க்கிழமையோடு காண்டிராக்ட் முடிகிறது. ஞாயிறு ஆயுத பூஜை, திங்கள் விஜயதசமி, அடுத்தது செவ்வாய். மூன்று நாளும் வந்தால் சரியாக நானூற்று எண்பது.

“எங்க ஊட்ல யாரும் எதுலயும் பர்மனென்டா இருந்ததில்ல சார்” என்று ரயிலில் ஒருநாள் சொன்னார். “எங்க நைனா கடைசி வரிக்கும் அடுத்தவன் கழனில தான் கூலிக்கி நின்னாரு. எனக்காவது ‘நாளைக்கு வராத’ன்னு ஒருத்தன் சொல்ல முடியாத வேல ஒண்ணு கெடச்சா போதும்.”

சனிக்கிழமை சாயங்காலம் ஜி.எம். என் தலைமேல் நின்றார். நல்ல நாளில் மானிட்டரிங் தொடங்கிவிட வேண்டுமாம். இன்டர்நெட்டில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்திருந்த உதாரணத்தை அப்படியே எடுத்து, கார்டுகளின் பெயரை மட்டும் மாற்றி அடித்தேன். உதாரணத்தில் ரீடைரக்ட் என்று இருந்தது. நானும் ரீடைரக்ட் என்றே விட்டுவிட்டேன். ஜி.எம். அறையில், மூன்றாவது கார்டோடு இணைத்த கம்ப்யூட்டரின் திரையில், வரிவரியாகப் பாக்கெட்டுகள் ஓட ஆரம்பித்தன. “பாரு, எப்படி ஓடுது!” என்று அவர் தொடையைத் தட்டினார். வருவதைப் பார்த்தோமே தவிர, போக வேண்டிய இடத்துக்குப் போகிறதா என்று இருவரும் பார்க்கவில்லை. ஆபீஸ் பக்கத்தில் சொல்லவும் ஆளில்லை. எல்லாரும் கீழே பூசணிக்காய்க்குள் குங்குமம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

சற்று நேரத்தில் அட்மின் ஆபீசர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். என் லினக்ஸ் பெட்டிக்கு மூன்று விரல் விபூதிப் பட்டை, நடுவில் பொட்டு, மேலே ஒரு எலுமிச்சம்பழம், சுற்றி ஒரு முழம் சாமந்தி. விசிறித் துவாரத்தில் மட்டும் சந்தனம் பூசாதீர்கள் என்று கெஞ்சி ஓர் ஓட்டையைக் காப்பாற்றினேன். கற்பூரம் காட்டினார்கள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது, கோபமும் வருகிறது. என்னுடைய ஒரு சொல் பிழைக்குத்தான் அன்று ஊரே நின்று தீபாராதனை காட்டியது.

பிறகு அறையைப் பூட்டினார்கள். பூஜையில் வைத்த ஆயுதத்தைத் தொடக் கூடாது. விஜயதசமி அன்று எடுத்துவிடலாம் என்று அட்மின் ஆபீசர் சொல்லிப் பார்த்தார். அன்று ஜி.எம். குடும்பத்தோடு திருத்தணி போவதாக இருந்தார், சாவியும் அவரோடு போவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை எமகண்டம் முடிந்து பத்தரைக்குத் திறக்கலாம் என்று முடிவாயிற்று. உலையை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. ஸ்க்ரூ டிரைவருக்குக்கூட இரண்டு நாள் ஓய்வு கொடுத்த சாமி, லாபம் தரும் உலைக்கும் அதைச் சுற்றி நிற்கும் காண்டிராக்ட் ஆட்களுக்கும் விதிவிலக்கு அளித்திருந்தார்.

அந்த நாட்களுக்கு டூட்டி ஆபீசர் நான். கல்யாணம் ஆகாதவன் என்றால் பண்டிகை டூட்டி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஆட்கள் அட்டையைக் காட்டினார்கள். மெஷின் பச்சை விளக்குப் போட்டுக் கீச்சென்றது. கொள்முதல் பிரிவு தேடிப் பிடித்து வாங்கிய மலிவான மெஷின் அது. அட்டை எண்ணை அனுப்பிவிட்டு அத்தோடு மறந்துவிடும். போய்ச் சேர்ந்ததா என்று கேட்கிற பழக்கமும் கிடையாது, தன்னிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும் பழக்கமும் கிடையாது. இன்டர்நெட் திறக்கவில்லை என்று ஷிப்ட் இன்ஜினியர் புகார் சொன்னார். சாமி அறைக்குள் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை பாருங்கள் என்றேன்.

மூன்று நாளும் காலை எட்டு மணிக்கு கேன்டீனில் நானும் கிரேன் அண்ணாவும் எதிரெதிரே உட்கார்ந்துதான் நாஷ்டா தின்றோம். ஞாயிறு அன்று பொரி கடலைப் பொட்டலத்தை என் கையாலேயே அவருக்குக் கொடுத்தேன். “நானூத்தி எழுபத்தெட்டு” என்றார், இட்லியைப் பிட்டபடி. திங்கள் அன்று “எழுபத்தொம்பது” என்று மட்டும் சொன்னார். செவ்வாய் அன்று ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் சேர்த்து ஒரு வடை வாங்கி வந்து வைத்தார். நான் தின்றேன்.

பத்தரைக்கு அறை திறந்தது. ஆலைக்கும் ஆபீஸுக்கும் நடுவே ஒரு பாக்கெட் போகவில்லை என்பதும், ஏன் போகவில்லை என்பதும் பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. சொல்லை மாற்றினேன். எல்லாம் ஓடின. என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம், “ரீஸ்டார்ட் பண்ணேன், சரியாயிடுச்சு” என்றேன். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு வாக்கியம் தெரிந்தால் போதும், ரிட்டயர் ஆகும்வரை ஓட்டிவிடலாம்.

புதன்கிழமை காலை கிரேன் அண்ணாவை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். காண்டிராக்ட் முடிந்தது, மொத்தம் நானூற்று எழுபத்தேழு நாள், விருப்பம் இருந்தால் புதிய காண்டிராக்டரிடம் பெயர் கொடுக்கலாம். அவர் முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்திருக்கிறார். பிறகு என்னைத் தேடி வந்தார்.

“இன்னா சார் இது, பேஜாரா கீது? உங்க மெஷினு நான் மூணு நாளு வரலன்னு சொல்லுதாமே?”

பார்த்தேன். ஞாயிறும் திங்களும் அந்த ஷிப்டின் காண்டிராக்ட் ஆட்கள் நாற்பது பேருக்கும் ஆப்சென்ட். செவ்வாய் இன்னும் அழகு. காலை ஆறு மணிக்கு வந்தது இல்லை, மதியம் இரண்டு மணிக்குப் போனது மட்டும் இருந்தது. உள்ளே வராமலேயே வெளியே போன மனிதர் என்று மென்பொருள் குழம்பி, அதையும் ஆப்சென்ட் ஆக்கியிருந்தது. சிஸ்டம் சொல்வதை நம்பினால் அந்த மூன்று நாளும் இரும்பு தானாக உருகி, சட்டி தானாக எழுந்து நடந்து போயிருக்க வேண்டும். மற்ற முப்பத்தொன்பது பேருக்கு அது பெரிய விஷயமில்லை. கூலியை காண்டிராக்டர் தன் நோட்டுப்படி கொடுத்துவிட்டார். இவர் ஒருவருக்குத்தான் அந்த மூன்று நாள் உயிர்.

“பாக்கறேன்ணா, ஏதாவது பண்றேன்” என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

பாக்கெட்டுகள் அழிந்துபோகவில்லை என்பது எனக்கு நினைவு வந்திருந்தது. எல்லாம் மூன்றாவது கார்டு வழியாக ஜி.எம். கம்ப்யூட்டருக்குத்தானே போயின? அங்கே ஓடிய நிரல் வந்ததையெல்லாம் ஒரு ஃபைலில் கொட்டி வைத்திருந்தது. மதிய இடைவேளையில் திறந்து தேடினேன். அண்ணாவின் அட்டை எண், நேரத்தோடு, ஐந்து வரி. ஞாயிறு வந்தது, போனது. திங்கள் வந்தது, போனது. செவ்வாய் வந்தது, ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் முன்னதாக. ஒரு மனிதர் வேலைக்கு வந்தார் என்பதற்கான ஒரே எழுத்துச் சாட்சி, யாருக்கும் தெரியாமல் ஜி.எம். வேவு பார்த்த ஃபைலில் உட்கார்ந்திருந்தது. நிஜமாகவே துள்ளிக் குதித்தேன்.

ஜி.எம். வந்ததும் காட்டினேன். என் பிழையையும் ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை, அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இத ஹெச்.ஆர்.கிட்ட காட்டினா, இது எங்கேருந்து வந்ததுன்னு கேப்பாங்கல்ல?”

“கேப்பாங்க சார்.”

“நீ தப்பா டைப் பண்ணதையும் சொல்லணும்ல?”

“ஆமா சார்.”

“அப்ப எதுக்குப்பா? ஃபைலு இடத்த வேற அடைக்குது. அழிச்சிடு.”

அவர் பார்க்கும்போதே அழித்தேன். குப்பைத்தொட்டியிலும் போய் அழி என்றார். அதையும் அழித்தேன். வேலை போய்விடும் என்ற பயம் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வேலை போகும் என்று ஜி.எம். சொல்லவே இல்லை. அவர் சொல்லாததற்கே நான் பயந்தேன், அவ்வளவுதான் என் வீரம்.

கிரேன் அண்ணா ஹெச்.ஆர். வாசலை விட்டு நகரவில்லை. லேபர் ஆபீஸுக்குப் போவேன் என்றும் சொல்லிவிட்டார். அதனால் வெள்ளிக்கிழமை ஒரு விசாரணை வைத்தார்கள். ஹெச்.ஆர். மேடம், ஜி.எம்., காண்டிராக்டர், நான் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அண்ணா மட்டும் நின்றார். நாற்காலி ஒன்று காலியாகத்தான் இருந்தது. காண்டிராக்டர், ஆட்கள் வந்தார்கள், ஆனால் யார் யார் என்று தனக்கு மனப்பாடம் இல்லை என்றார். அவருடைய நோட்டில் பெயர் இருக்கிறதே என்றால், அது கூலி நோட்டு, வருகைப்பதிவேடு ஆகாதாம்.

“சிஸ்டம் சார் கைல கேளுங்க மேடம்” என்றார் அண்ணா. “மூணு நாளும் அவரு கூடத்தான் நான் நாஷ்டா துன்னேன். அவருதான் டூட்டி.”

ஹெச்.ஆர். மேடம் நல்லவர். இந்த விஷயத்தை நல்லபடியாக முடிக்க வேண்டும் என்று அவருக்கு இருந்தது முகத்திலேயே தெரிந்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“டூட்டி ஆபீசர் எழுதிக் கொடுத்தா நான் எடுத்துக்கறேன். நீங்க பாத்தீங்களா? இவர் அந்த மூணு நாளும் வந்தாரா?”

அதற்கு கெர்னல் வேண்டாம், ஃபைல் வேண்டாம், பாக்கெட் வேண்டாம். ஆமாம் என்று ஒரு சொல் போதும். ஜி.எம். மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கக்கூட இல்லை. வந்தார் என்று சொன்னால், பிறகு ஏன் பதிவு இல்லை என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி என்னை எங்கே கொண்டுபோகும் என்று அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டேன். வாயைத் திறந்தேன்.

“சிஸ்டத்துல பாத்துத்தான் மேடம் சொல்லணும்.”

காண்டிராக்டர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். ஹெச்.ஆர். மேடம் பேனாவை மூடினார். அண்ணா என்னைத் திட்டவில்லை, கத்தவில்லை. நான் சொன்னது காதில் சரியாக விழவில்லை என்பதுபோலக் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் லேபர் ஆபீஸுக்குப் போகவில்லை. போனாலும் யாரைச் சாட்சி என்று கூட்டிப் போவார்?

திங்கள்கிழமை காலை ஆறு மணிக்கு நான் கேட்டில் இருந்தேன். மெஷினைச் சோதிக்க வந்ததாகப் பெயர். வரிசையில் அவரும் வந்தார், புதிய காண்டிராக்டர், புதிய அட்டை, நாள் ஒன்று. அட்டையைக் காட்டினார். பச்சை விளக்கு எரிந்து கீச்சென்றது. நேராக என்னிடம் வந்து நின்றார்.

“சார், நான் வந்துக்கிறேனா?”

“வந்திருக்கீங்கண்ணா” என்றேன்.

“சிஸ்டத்துல பாக்காமயே சொல்றீங்களே சார்” என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிரேன் ஏணிப் பக்கம் நடந்தார்.